‘வேண்டாம்’ என்கிற பொத்தான்

ஏழாவது முறையும் திரையில் அதே வரிதான் வந்தது.

எல்டியைக் காணவில்லை.

ஆன்சி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். கண்கள் எரிந்தன. மூன்று நாளாக விடாமல் பெய்த மழையும் களைத்துப்போய், பள்ளிக்கூட ஓட்டின் மேல் சும்மா தூறிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவ அடிச்சுப் பாரு,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷாஹின்.

“ஏழு தடவ அடிச்சாச்சுடா.”

“எட்டு நல்ல நம்பர். எங்க உம்மா பொறந்த தேதி.”

ஆன்சி எட்டாவது முறை அடித்தாள். எல்டியைக் காணவில்லை.

“எங்க உம்மாவைக் காணோம்னு சொல்லாம விட்டுச்சே,” என்றான் ஷாஹின். கன்னத்தை மேசையில் வைத்துப் படுத்துக்கொண்டான்.

மேசையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதன் மேல் ஐந்து பெரிய பொத்தான்கள். உள்ளே ஒரு ஒலிபெருக்கியும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் இருந்தன. பள்ளியின் கம்ப்யூட்டர் குழுவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து தீர்த்தாவுக்காகச் செய்த பெட்டி அது.

தீர்த்தாவும் ஏழாம் வகுப்புதான். ஆனால் பள்ளிக்கு வர முடியாது. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பேச வராது. விரல்கள் சொன்னபடி கேட்காது. உள்ளங்கையால் எதையாவது ஓங்கி அழுத்த மட்டும் முடியும். நீலப் பொத்தானை அழுத்தினால் பெட்டி, “தண்ணி வேணும்” என்று சொல்லும். சிவப்புக்கு, “பசிக்குது.” வெள்ளைக்கு, “பாத்ரூம் போகணும்.” பச்சைக்கு, “நன்றி.” எல்லாம் ஆன்சியின் குரலில் பதிவு செய்தவை.

இரண்டு மாதம் அது நன்றாக ஓடியது. போன செவ்வாய்க்கிழமை ஆன்சியும் ஷாஹினும் அவள் வீட்டுக்குப் போனபோது, இன்னொரு சொல் வேண்டும் என்று தீர்த்தா கேட்டாள். எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்ட அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. அவள் கேட்ட சொல், “வேண்டாம்.”

அப்போதுதான் ஆன்சிக்கு உறைத்தது. நான்கு சொல்லையும் பெரியவர்கள்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

“நாளைக்கே கொண்டுவந்துடுறோம்,” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிவந்தாள். மஞ்சள் நிறத்தில் ஐந்தாவது பொத்தானை மாட்டினார்கள். பழைய நிரலை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் பழையதைச் சமர்த்தாக அழித்தது. புதியதை உருவாக்கும் இடத்தில் நின்றுவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. இப்போது பெட்டிக்கு நான்கு சொல்லும் தெரியாது.

“அவ வெறும் மேசைய அழுத்திக்கிட்டே இருக்கா மோளே,” என்று தீர்த்தாவின் அம்மா ப்ரீதா சேச்சி நேற்றுப் படகுத்துறையில் வைத்துச் சொன்னார். ஆன்சியால் சரியாகத் தூங்க முடியவில்லை.

லேகா டீச்சர் உள்ளே வந்தார். வாக்காளர் பட்டியல் வேலைக்காக வீடு வீடாக நடந்துவிட்டு வந்திருந்தார். குடையிலிருந்தும் புடவையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

“சரியாச்சா?”

“இல்ல டீச்சரே. நாம எழுதினத கம்பைலர் துண்டு துண்டா மாத்திடுது. அந்தத் துண்டையெல்லாம் ஒண்ணாச் சேக்கிற லிங்க்கரத்தான் காணோம். அதோட பேருதான் எல்டி.”

“சட்டைக்குத் துணிய வெட்டியாச்சு,” என்றான் ஷாஹின், தலையைத் தூக்காமல். “தையல்காரரக் காணோம்.”

“நெட் வந்தா திரும்ப ஏத்திடலாம்,” என்ற டீச்சர் கைப்பேசியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை இரவு மரம் விழுந்து கேபிள் அறுந்ததிலிருந்து ஊரில் யாருக்கும் நெட் இல்லை. கைப்பேசியில் பேசவே மொட்டைமாடிக்குப் போகவேண்டும். “பழுது பாக்கிற ஆபீசுக்குப் பேசினேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தித் தருவாங்களாம். திங்கக்கிழமை குடுத்தா இருபது நாள் ஆகும்.”

“இருபது நாளா?”

“கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப்போச்சு ஆன்சி.”

ஆன்சி சுவரைப் பார்த்தாள். போன வாரம் பள்ளியில் சேவன வாரம், சேவை செய்யும் வாரம். ஒவ்வொருவரும் எதையாவது சுத்தம் செய்து, அதைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் எழுதவேண்டும். டீச்சர் நட்சத்திரம் போடுவார். ‘கரும்பலகை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘வாழைக்கன்று வரப்பு’ என்று இன்னொருவர். கடைசியில் ஆன்சியின் கையெழுத்தில், ‘கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் சுத்தம்’. அதற்கு எதிரே மூன்று நட்சத்திரங்கள்.

துடைத்துத் தருவதாகச் சொல்லி அன்று ஒரு நாளைக்குத் தீர்த்தாவின் பெட்டியை வாங்கிவந்தவள், அதன் கம்ப்யூட்டருக்குள் கருவிகள் இருக்கும் அறையையும் எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ஏதோ பெயர் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இரண்டே ஆங்கில எழுத்து. எடையே இல்லை. ஓரத்தில் ஒரு குட்டி அம்புக்குறி. யாரோ போட்டுவிட்டுப் போன குப்பை என்று நினைத்து அழித்தாள். அடுத்ததைத் தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

புதன்கிழமை ‘எல்டியைக் காணவில்லை’ என்ற வரியைப் படித்ததுமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளையும் போய்விட்டது.

“டீச்சரே, அத நான்தான் அழிச்சேன்.”

“எத?”

“எல்டிய. சேவன வாரத்துல. குப்பைன்னு நெனச்சேன்.”

ஷாஹின் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அடிப்பாவி. இது தெரிஞ்சுக்கிட்டே என்னை எட்டு நல்ல நம்பர்னு பேச விட்டியா?”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அட்டையைப் பார்த்தார்.

“அதுக்கு நான் மூணு நட்சத்திரம் வேற போட்டிருக்கேன்.”

“ஆமா டீச்சரே.”

“கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டை எழுதி இந்த ஸ்க்ரீன்ல ஒட்டி வெச்சதும் நான்தான்.” டீச்சர் எழுந்து அந்தத் துண்டுக் காகிதத்தைப் பிய்த்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சொல்லி முடித்ததும் ஆன்சிக்குத் தலை கொஞ்சம் தெளிந்தது. “நான் அழிச்சது ஒண்ணே ஒண்ணு டீச்சரே. அந்த ஒண்ணுக்காக எல்லாத்தையும் ஏன் அழிக்கணும்? வாசகசாலையில இதே மாதிரி கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. அதுல எல்டி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரட்டுமா?”

“பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போங்க. ஒருவேள சரியாயிட்டா அப்படியே அக்கரைக்கு, தீர்த்தா வீட்டுக்குப் போயிடலாம். ஆறு மணிக்கு மேல படகு கிடையாது, ஞாபகம் வெச்சுக்கோங்க.”

வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் மினி சேச்சி வாசலிலேயே மறித்தார்.

“செருப்பு வெளிய. குடை அந்த வாளியில. பேர இந்த நோட்டுல எழுது.”

எழுதினார்கள்.

“சேச்சி, டிவிக்குப் பின்னால ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்குல்ல…”

“தொடக் கூடாது.”

“பாக்க மட்டும்தான்.”

“பாக்கத்தான் வந்தேன்னு சொல்லிப் போன வருஷம் ஒருத்தன் ஃபேனைக் கழட்டினான். இன்னும் மாட்டல.”

ஆன்சி பெட்டியை மேசையில் வைத்தாள். தான் அழித்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். மினி சேச்சி மஞ்சள் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

“ப்ரீதாவோட மகளுக்கா இது?”

“ஆமா சேச்சி.”

“அஞ்சு நிமிஷம்.”

டிவியில் ஓடிக்கொண்டிருந்த வேலை அறிவிப்புகள் மறைந்தன. முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் பேனாவைக் கீழே வைத்தார். “சேச்சி, கடைசித் தேதிய எழுதிக்கிட்டிருந்தேன்.”

“நாலு வருஷமா எழுதுற. அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது.”

ஆன்சி கருவிகளின் பட்டியலை வரவழைத்தாள். பெயர்கள் மழைபோல் இறங்கின. மெதுவாக, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் நீளமான ஒரு பெயர். அந்தப் பெயரின் வால் மட்டும் எல்டி.

“காப்பி எடு, காப்பி எடு,” என்று ஷாஹின் பென்டிரைவை நீட்டினான்.

“இருடா.” அவள் அந்த வரியையே பார்த்தாள். எல்டிக்கு எடை இல்லை. நீளப் பெயருக்குத்தான் இருந்தது. “எல்டி வேலை செய்யல. வேலை செய்யறது அந்த நீளப் பேருக்காரர். எல்டி சும்மா அவரக் கை காட்டுது. படகுத்துறையில போர்டு வெச்சிருக்காங்கல்ல, அந்த மாதிரி.”

“அதனால?”

“நான் போர்டத்தான் பிடுங்கியிருக்கேன். வீட்ட இடிக்கல. வீடு அங்கயேதான் இருக்கணும்.”

டிவியின் ஒயரைப் பெட்டிக்குள் இருந்த கம்ப்யூட்டரில் சொருகினாள். “இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் சேச்சி.” இளைஞர் பெருமூச்சு விட்டார்.

நீளப் பெயரைத் தேடினாள். இருந்தது. ஒரு வாரமாக யாரும் வழி காட்டாமல், தன் இடத்திலேயே சும்மா இருந்திருக்கிறது.

புதிதாக ஒரு போர்டு வைக்கச் சொல்லி ஒரு வரி அடித்தாள். ‘அனுமதி இல்லை’ என்றது கம்ப்யூட்டர். இன்னொரு வரி அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது.

“போச்சு,” என்றாள் ஆன்சி. “காகிதம் டீச்சரோட பைக்குள்ள இருக்கு.”

“ரெண்டு வருஷமா கண்ணு முன்னாடி தொங்கிச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்,” என்றான் ஷாஹின். மினி சேச்சி பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு அடித்தான்.

ஆன்சி நிரலை உருவாக்கச் சொன்னாள். ஒன்பதாவது முறை.

திரையில் எதுவும் வரவில்லை. காலி வரியில் சின்னக் கோடு ஒன்று மட்டும் மின்னியது.

“ஒண்ணுமே சொல்லல,” என்றான் ஷாஹின் சந்தேகத்தோடு.

“ஒண்ணும் சொல்லலன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.” அவள் மஞ்சள் பொத்தானை அழுத்தினாள்.

“வேண்டாம்!” என்றது பெட்டி.

“யாரது சத்தம் போடுறது?” என்று மினி சேச்சி திரும்பினார். பிறகு, “சரி, சரி, போங்க. படகு போயிடும்,” என்றார்.

அவர்கள் அக்கரையில் இறங்கியபோது ஐந்தரை. இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து ப்ரீதா சேச்சி அப்போதுதான் வந்திருந்தார். விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. தீர்த்தா சக்கர நாற்காலியில், டிவிக்கு எதிரே இருந்தாள். பெட்டியைக் கண்டதும் அவள் தலை தூக்கிப்போட்டது.

ஆன்சி பெட்டியை அவள் முன்னால் வைத்தாள். “தீர்த்தா, இவ்வளவு நாள் ஆனதுக்கு நான்தான் காரணம். எல்டின்னு ஒண்ணு இருக்கு, அது என்னன்னா, கம்பைலர் துண்டு துண்டா…”

தீர்த்தாவின் கை அலைந்து அலைந்து, மஞ்சளின் மேல் விழுந்தது.

“வேண்டாம்.”

ஷாஹின் சிரித்துவிட்டான். “அவளுக்கே போரடிக்குதுடீ.”

ப்ரீதா சேச்சி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தார். “முதல்ல இதக் குடி.”

“வேண்டாம்.”

“அப்ப மருந்து.”

“வேண்டாம்.”

“இதுக்காகவா நீங்க ரெண்டு பேரும் இந்தப் பாடு பட்டீங்க?” சேச்சி கிண்ணத்தைக் கீழே வைத்தார். “மருந்து குடிச்சுத்தான் ஆகணும். வா, சீரியல் பாத்துக்கிட்டே குடிக்கலாம்.” டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

“வேண்டாம்,” என்றது பெட்டி. “வேண்டாம். வேண்டாம்.”

சேச்சியின் கை அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். “உனக்கு இது பிடிக்காதா?” என்று மெதுவாகக் கேட்டார். “மூணு வருஷமா தினமும் உனக்காகத்தானே போடுறேன்.”

தீர்த்தாவின் முகம் முழுவதும் சிரிப்பாக விரிந்தது. சேச்சி டிவியை அணைத்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல், புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் சிரித்தார். வீட்டுக்குள் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தீர்த்தா அதைக் கேட்டுக்கொண்டே மருந்தைக் குடித்தாள்.

துறையில் படகுக்காரர் மணி அடித்தார். கடைசிப் படகு. ஆன்சிக்கு உடம்பெல்லாம் வலித்தது. வீட்டுக்குப் போய் விழுந்து தூங்கவேண்டும்போல் இருந்தது. அவள் குடையை எடுத்தாள்.

“அப்ப நாங்க கிளம்பட்டுமா தீர்த்தா?”

கை மறுபடியும் அலைந்தது. இந்தத் தடவை அவசரமே இல்லாமல், நன்றாகக் குறி பார்த்து இறங்கியது.

“வேண்டாம்,” என்றது ஆன்சியின் குரல், ஆன்சியிடமே.

ஷாஹின் ஆன்சியைப் பார்த்தான். ஆன்சி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். ப்ரீதா சேச்சி முற்றத்தில் இறங்கி, கையை வாயருகே குவித்துக்கொண்டு துறையைப் பார்த்துக் கூவினார்.

“இன்னும் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க சேட்டா. பிள்ளைங்க வருவாங்க.”