கடைசி ஆள் வரும்வரை

மர்டினா வந்தபோது தேவாலயத்தின் முப்பத்தாறு இருக்கைக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணித்தான் நோட்டில் எழுதியிருந்தாள். பிரசங்க மேடையின் படிகளை அளந்துவிட்டுத் திரும்பினால் ஒன்று திறந்திருக்கிறது. அவள் வீட்டு இருக்கை.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். லூயிஸ் தீவில் காற்றின்மேல் பழி போடாதவர் யார்?

அந்தத் தேவாலயத்தில் இருக்கை என்றால் வெறும் பெஞ்சு அல்ல. வீட்டுக்கு ஒன்றாக, இடுப்பளவு பலகை அடைத்து, ஓரத்தில் சிறு கதவு வைத்த பெட்டி. வீட்டுக்காரர் கதவோரம் உட்காருவார். எல்லாரும் வந்து சேர்ந்ததும் உள்பக்கத் தாழைப் போடுவார். கதவு திறந்திருந்தால், இன்னும் ஆள் வரவேண்டும் என்று பொருள். மர்டினா வீட்டில் அந்த ஆள் எப்போதும் லாக்லன். பத்தொன்பது வயதாகியும் முதல் சங்கீதப் பாடல் தொடங்கிய பிறகுதான் வந்து நிற்பான் மகன். அவன் அப்பா ருவாரி, நடுவிரல் நுனியைப் படகு இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்ட கையால் தாழை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே நகர்ந்து இடம்விடுவான். ஊரே பார்த்துச் சிரிக்கும்.

மர்டினா எட்டிக் கைவிட்டுத் தாழைப் போட்டாள்.

இருநூற்று முப்பது வருடக் கட்டடம். அடுத்த வாரம் கைமாறுகிறது. வாங்கியவர் விடுமுறை வீடாக்கப் போகிறாராம். அதற்குள் வரலாறும் அளவுகளும் எழுதித் தரும்படி சபை மூப்பர்கள் அவளிடம் கேட்டிருந்தார்கள். எழுத என்ன இருக்கிறது? சிலுவை இல்லை, சிலை இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, ஆர்கன் இல்லை. சுண்ணாம்புச் சுவர். நீளச் சுவரின் நடுவில் உயர்ந்த மேடை, அதன் தலைக்குமேல் குரலைத் திருப்பி அனுப்பும் பலகைக் கூரை. எல்லாம் மனிதக் குரலுக்காகவே கட்டியது. அன்று தீவில் மரம் ஏது? அத்தனை பலகையும் கரையில் மோதி உடைந்த ஒரு கப்பலுடையது. அதில் வந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. மழை நாளில் இன்னும் தார் வாடை வரும்.

இன்று மழை இல்லை. வாடை வந்தது.

மூன்று மணிக்கே வெளிச்சம் வடிகிற டிசம்பர். ருவாரியும் லாக்லனும் கயிறு கட்டிக் கடலில் இறக்கிய நண்டுக் கூடுகளை எடுக்கப் படகில் போயிருந்தார்கள். மனசு கேட்காமல் போன் போட்டாள்.

"கடைசி வரிசைதான் பாக்கிம்மா. உன் பேயெல்லாம் எண்ணி முடிச்சிட்டியா?"

"வாயைக் கழுவு. கடல் எப்படியிருக்கு?"

"லேசா எழும்புது. அப்பா பாடுறார்ல, அது தாங்கலை போல. வழக்கம்போல கடைசிச் சொல்லை விடமாட்டேங்கறார்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சபையே நிறுத்திய பிறகும் ருவாரியின் குரல் மட்டும் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டு நிற்கும். வேறு யாருக்கும் அப்படி வராது. பயம் கலைந்தது. கலையாமல் இருந்திருக்கலாம்.

நோட்டில் ஒன்றுதான் பாக்கி: குரல் எப்படிக் கேட்கிறது? மேடையடியில், அடி எடுத்துக் கொடுப்பவர் நிற்கும் கூண்டு இருந்தது. அவர் ஓர் அடி பாடுவார், சபை அதை வாங்கிப் பாடும். முப்பது வருடம் அவள் அப்பா நின்ற இடம். பெண்கள் நின்றதில்லை. சாவி கொடுத்த கெனினாகூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "அளந்துட்டு வந்து சேரு. ஆசைப்பட்டு அடி எடுத்துக் கொடுத்துடாதடி. கொடுத்தா, வாங்கிப் பாட ஆள் வரணும்ல?"

அடுத்த வாரம் இந்தக் கூண்டு இருக்காது. மர்டினா உள்ளே ஏறி நின்றாள். கடலோடிகளின் சங்கீதத்தில் ஓர் அடியை, அப்பாவைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

ஒன்றுமில்லை. சுவர் குரலை விழுங்கிக்கொண்டது.

பிறகு வாங்கிப் பாடினார்கள். காதில் விழும் முன்னே அது காலில் ஏறியது, தரைப் பலகை வழியாக, முழங்கால் வழியாக. கிழவர் குரலும் பெண்கள் குரலும் தெரியாத மொழியின் கரகரப்பும் கலந்து, ஒவ்வொன்றும் தன்போக்கில் ஏறி இறங்கி, சாத்திய முப்பத்தாறு பெட்டிகளிலிருந்தும் பொங்கி வந்தது. கண்ணைத் திறந்தாள். எங்கும் ஆளில்லை. அடி முடிந்தது. எல்லாக் குரலும் நின்றது.

ஒன்று நிற்கவில்லை.

கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டே இருந்தது. அவர்கள் வீட்டு இருக்கையிலிருந்து.

"ருவாரி?"

பலகையில் நீர் சொட்டும் ஓசை. அந்தக் கதவு மறுபடி திறந்திருந்தது.

திறந்திருந்தால், இன்னும் ஆள் வரவேண்டும்.

ஓடினாள். கதவைச் சாத்தித் தாழைப் போட்டாள். முதுகை அதன்மேல் சாய்த்துக் காலை ஊன்றிக்கொண்டாள். சபை அடுத்த அடிக்குக் காத்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கொடுக்கமாட்டாள். செத்தாலும் கொடுக்கமாட்டாள்.

போன் அடித்தது.

"அம்மா... அப்பா கால்ல கயிறு மாட்டிக்கிச்சு. கூடோட கடலுக்குள்ள போயிட்டாரும்மா. படகுல தண்ணி ஏறுது. மீட்புப் படகுக்குச் சொல்லிட்டேன். கால் மணி நேரத்துல வந்துடுவாங்களாம்."

"லாக்லன், கேளு. கையை விடாதே. எது கிடைக்குதோ அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"பிடிச்சிட்டுதாம்மா இருக்கேன்."

"நானும் இங்க பிடிச்சிட்டிருக்கேன்டா. விடமாட்டேன். நீயும் விடாதே."

தார் வாடை. ஈரக் கம்பளி வாடை. ருவாரியின் புகையிலை.

பின்னால், கதவுக்கு உள்ளே, தாழ் நகர்ந்தது. தலையைத் திருப்பினாள். நனைந்த சட்டைக் கை. நீரில் ஊறி வெளுத்த விரல்கள். நடுவிரலுக்கு நுனி இல்லை.

"வேண்டாம் ருவாரி. அவன் வரலை. நம்ம பிள்ளை. அவன் வரவேண்டாம்."

தாழ் எழுந்தது. ஒரு வார்த்தை இல்லை. பலகை கிறீச்சிட்டது, ஆள் உள்ளே நகர்ந்து இடம்விடும் ஓசை.

கதவு அவள் முதுகைத் தள்ளத் தொடங்கியது, மெதுவாக, கோபமே இல்லாமல், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் திறந்துவிடுவது போலவே. போனில் லாக்லன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.