முப்பத்தேழு பூஜ்ஜியங்கள்

பிணத்தின் கன்னத்தில் பச்சை விளக்கொளி மின்னி மின்னி மறைந்தது.

சர்வர்களுக்கு உயிர் இருந்தது. அவற்றின் முதலாளிக்கு இல்லை!

பின்மண்டை பிளந்திருந்தது. சர்வர் அடுக்கிலிருந்து கழற்றிய இரும்புச் சட்டம் நாற்காலியின் கீழே கிடந்தது. ஏ.சி. மட்டும் எதையும் அறியாததுபோல் உறுமிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மையார் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். அங்கே இருவர் காத்திருந்தனர். இறந்தவரின் மனைவி. இறந்தவரின் தம்பி.

"அடி விழுந்தது காலைல எட்டரைக்குன்னு டாக்டர் சொல்றாரு. நீங்க அப்ப எங்க இருந்தீங்க, தம்பி?"

"வீட்டுல, மேடம். இங்கேருந்து முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டணும். எட்டுலேருந்து ஒம்பதரை வரைக்கும் வீட்டுல உக்காந்துதான் சர்வர்ல வேலை பார்த்தேன். நான் அடிச்ச ஒவ்வொரு கட்டளையும் நேரத்தோட பதிவாகியிருக்கும். பாத்துக்குங்க!"

"பார்த்துட்டேன். முப்பத்தேழு கட்டளை. எல்லாமே உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லேருந்துதான் வந்திருக்கு."

"அப்புறம் என்ன?"

அவன் கழுத்து அந்தப் பதிவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பதிவு உண்மையென்று நின்றால் வீட்டுக்குப் போகலாம். விழுந்தால்...?

இன்ஸ்பெக்டர் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"நேத்து இங்க என்னம்மா சண்டை?"

"சர்வர்ல போடுறது லினக்ஸா விண்டோஸான்னு சண்டை, மேடம்." அவள் குரலில் ஈரமே இல்லை. "எங்க சர்வர்ல எண்ணூறு கஸ்டமரோட வெப்சைட் ஓடுது. எல்லாம் விண்டோஸ்ல. பழகினதை எதுக்கு மாத்தணும்னு இவர் சொல்லுவாரு. லினக்ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம், அது அணையாம ஓடும்னு கொழுந்தன் குதிப்பான். ரெண்டு வருஷமா இதே பாட்டு."

"நேத்து?"

"இனி அந்தப் பேச்சை எடுத்தா ஆபீஸ் பக்கமே வராதேன்னாரு. உன் மண்டையைப் பொளந்துட்டுத்தான் போவேன்னு இவன் சொன்னான்."

"அண்ணி! கோவத்துல ஆயிரம் சொல்றதுதான்! அவர் மட்டும் என்னைச் சும்மா விட்டாரா? 'கறுப்புத் திரையில கிறுக்குறவன்'னு கஸ்டமர் முன்னாடியே..."

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்! அவர்களைப் பகைவர்களாக்கச் சொத்தும் தேவைப்படவில்லை, நிலமும் தேவைப்படவில்லை. ஒரு கணினி இயங்குதளமே போதுமாயிற்று! வெட்கக்கேடு!

இன்ஸ்பெக்டர் தம் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு இதைத் தட்டி நிறுத்துங்க. மூணு தடவை."

"விளையாட்டா, மேடம்?"

"ஆமா. தட்டுங்க."

தட்டினான்.

"விநாடியை மட்டும் சொல்றேன். பதினேழு... நாப்பத்திரண்டு... அஞ்சு. மனுஷ விரல் இப்படித்தான். கண்ட இடத்துல போய் நிக்கும்."

அவர் ஒரு தாளை விரித்தார்.

"இது உங்க பதிவு. எட்டு ரெண்டு, பூஜ்ஜியம் விநாடி. எட்டு அஞ்சு, பூஜ்ஜியம். எட்டு ஒம்பது, பூஜ்ஜியம்... முப்பத்தேழுமே பூஜ்ஜியம்!"

அவன் தாளைப் பிடுங்கிப் பார்த்தான்.

"நேரம் குறிச்சு வெச்சா, ஆள் இல்லாமலே கட்டளையை அனுப்புற வேலைக்காரன் ஒருத்தன் உங்க வீட்டு லினக்ஸ்ல இருக்கான். 'கிரான்'னு ஒரு புரோகிராம். ஆனா நிமிஷம் பொறக்கிற அந்தக் கணத்துலதான் கண்ணு முழிப்பான். நானும் சைபர் பிரிவுல ஆறு வருஷம் குப்பை கொட்டினவதான், தம்பி!"

"மேடம்..."

"உங்க சிஸ்டம் துளிகூடப் பிசகாதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே... பிசகவே இல்ல!"

அவன் தரையில் சரிந்தான்.

"கடைசியா ஒரு தடவை கேப்போம், மாட்டேன்னா முடிச்சுடுவோம்னுதான் வந்தேன்... முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு... கூப்பிட்டேன். 'இருடா, வரேன்'னாரு. திரும்பிக்கூடப் பாக்கல. பழையபடி விண்டோஸைத்தான் ஏத்துறாருன்னு நெனச்சேன்... அடிச்சுட்டேன்!"

"என்ன ஏத்துறாருன்னு திரையைப் பார்த்தீங்களா?"

"இல்ல... ரத்தத்தைப் பார்த்ததும் ஓடிட்டேன்..."

இன்ஸ்பெக்டர் அண்ணனின் கணினித் திரையைப் பிடித்த புகைப்படத்தை அவன் முகத்தெதிரே நீட்டினார்.

லினக்ஸ்! நிறுவும் வேலை பாதியில் நின்றிருந்தது. நிர்வாகியின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் தம்பியின் பெயர்! அதன்கீழ் கடவுச்சொல்லுக்கான கட்டம் மட்டும் காலி.

"அதை நீங்களே வந்து போட்டுக்கணும்னு விட்டிருக்காரு போல."

"அய்யோ... அண்ணா!"

கண்ணாடிக் கதவு அதிர அலறினான். அப்பால் கிடந்தவருக்குக் கேட்கவில்லை.

அண்ணியின் முகத்தில் மட்டும் வியப்பே இல்லை. இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்துவிட்டார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"ஏழு மணிக்குக் கெளம்பும்போதே சொன்னாரு, மேடம். 'அவன் சொல்றதுதான் சரி. நானே போய் மாத்திடறேன். போன் போட்டு அவன்கிட்ட சொல்லிடு, கோவமா இருப்பான்'னாரு."

"சொன்னீங்களா?"

"இல்ல."

தம்பியின் அலறல் சட்டென நின்றது.

"ஒரே ஒரு போன், அண்ணி..."

இன்ஸ்பெக்டர் தமக்குத் தெரிந்த சட்டப் பிரிவுகளையெல்லாம் மனத்துக்குள் புரட்டினார். போன் போடாத குற்றத்துக்கு விலங்கு மாட்ட ஒரு பிரிவும் அகப்படவில்லை!

"ஏம்மா சொல்லல?"

"எந்த சர்வர் நின்னுபோனாலும் எண்ணூறு பேரோட வசவையும் போன்ல வாங்கினவ நான். பன்னெண்டு வருஷம், மேடம்! லினக்ஸா விண்டோஸான்னு இவங்க ரெண்டு பேரும் ஊரையே கேட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இனி அவளுக்கே உரியதான அந்த அலுவலகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்... எனக்கு ரெண்டுமே வேணாம்னு!"