சில்லு வைக்காத செவலை

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குமிழிக் குடியிருப்பில் இருந்த நாய்கள் எல்லாம் காலை ஆறு மணிக்கு ஒன்றாகக் காலைத் தூக்கின. ஒன்றாக இறக்கின. பிறகு வரிசையாகப் போய்த் தத்தம் வீட்டு வாசலில் உட்கார்ந்தன. காதுக்குப் பின்னால் பதித்த பணிச்சில்லு சொல்வதைக் கேட்டு நடக்கிற நாய்கள் அவை. குரைப்பதற்குக்கூட நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

செண்பகவல்லியின் செவலை மட்டும் காற்றுக்குழாய்ச் சந்தில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. சிப்பிப்பாறை வேட்டைநாய். பூமியிலிருந்து உறைந்த கருவாக வந்து இங்கே பிறந்தது. ஒரு வயதுக்குள் பழகாத நாய்க்குக் கட்டாயம் சில்லு என்பது குமிழிச் சட்டம். இன்று அதற்குக் கடைசிச் சோதனை. தேறாவிட்டால் மாலைக்குள் சில்லு ஊசி இறங்கிவிடும்.

"பேசாம வச்சிருங்கக்கா. ஒரே நாள்ல வழிக்கு வந்துரும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லாதவர்கள் இல்லை.

"வழிக்கு வாரதுக்கு அது என்ன தள்ளுவண்டியா?" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள் செண்பகவல்லி.

அவளும் முதலில் கத்தித்தான் பார்த்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்புறம்தான் யோசித்தாள். கரிசல்காட்டில் முயலைக் கண்ணால் பார்த்தே துரத்திய பரம்பரை. எதிரே ஒன்று ஓடினால் இதற்குக் காது அடைத்துப்போகும். அது திமிர் இல்லை, பிறவி. அன்றிலிருந்து முதலில் ஆசை தீர ஓடவிட்டாள், அப்புறம் பாடம். கூப்பிடுவதை விட்டுவிட்டு மஞ்சள் துண்டைத் தூக்கிக் காட்டினாள். வராவிட்டால் அடிக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தாள். பல நாள் அவள் சோறு ஆறிப்போயிருக்கிறது.

சோதனை மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. அதிகாரி ஞானதுரை ஓர் இயந்திர எலியை ஓடவிட்டார். செவலை பாய்ந்தது.

"செவலை, வா!" என்றார் ஒலிபெருக்கியில். மறுபடியும் கூப்பிட்டார். அது திரும்பவே இல்லை.

"அவ்வளவுதாம்மா. சில்லு வச்சிரலாம்."

"எது அவ்வளவு?" செண்பகவல்லி எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். செவலையின் கண்ணில் படும்படி மஞ்சள் துண்டை உயர்த்தினாள். புழுதி பறக்கத் திரும்பிய செவலை, எலியை விட்டுவிட்டு அவள் முழங்காலில் வந்து சாய்ந்தது.

"குரலுக்கு வரலையே?"

"வராது சார். இது கண்ணால வாழுற இனம். அதுக்குப் புரியுத மாதிரி சொல்லத் தெரியலைன்னா அது நம்ம குறை. எல்லாம் ஒரே அச்சுல இருக்கணும்னா ரோபோ வாங்கிக்கிடுங்க. உசுரை எதுக்கு வளக்கீங்க?"

கூட்டம் கை தட்டியது. ஞானதுரை அந்தத் துண்டை வாங்கித் தானே தூக்கிப் பார்த்தார். செவலை கொஞ்சம் தயங்கிவிட்டு அவரிடமும் வந்தது. சில்லு வேண்டாம் என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது செண்பகவல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் நப்பின்னை நாயைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"குதிச்சது போதும். நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிட்டுத் தொலைக்காத. உனக்குப் படிப்புச் சில்லு வைக்கச் சொல்லியிருக்கேன்."

நப்பின்னையின் முகம் வாடியது. படிப்புச் சில்லு வைத்த பிள்ளைகள் பாடம் முடியாமல் நாற்காலியை விட்டு எழ முடியாது. விண்கலப் பொறியியலுக்கு இடம் கிடைத்தவர்கள் எல்லாம் அதை வைத்துக்கொண்டவர்கள்தான்.

"கணக்கு எனக்கு மெதுவாத்தாம்மா ஏறுது. செடின்னா சட்டுனு வருது. இந்தக் குமிழியில பாகற்கொடி காய்ச்சது என் கையிலதான். எனக்கு எது வரும்னு கொஞ்ச நாள் பொறுத்துப் பாரும்மா."

மைதானத்தில் வந்த அதே கோபம் செண்பகவல்லிக்கு இப்போதும் வந்தது.

"ஊர்ல ஒரு பிள்ளை பாக்கியில்லாம வச்சாச்சு, உனக்கு மட்டும் தனியா ஒரு நியாயமா? ஏட்டி, சுபாவம் பாத்து, பொறுத்திருந்து பழக்குறதுக்கு நீ என்ன நாயா?"