பத்தொன்பது பின்வாசல்

பூட்டைத் திறக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. துருவேறிய துளைக்குள் ஓவர்சியர் ஆத்மநாதன் மண்ணெண்ணெய் விட்டார், சாவியை இப்படியும் அப்படியும் திருகினார், கடைசியில் ஒரு கருங்கல்லை எடுத்துப் பூட்டின் தலையிலேயே போட்டார். இரும்புக் கதவு முனகிக்கொண்டு, ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத் திறந்து, அதோடு நின்றுவிட்டது.

"நீங்க வெளியிலயே நில்லுங்க டீச்சர். நான் போய் அளந்துட்டு வந்திர்றேன்."

"டேப்போட இன்னொரு முனையை யாரு சார் பிடிப்பா?"

வருவதாகச் சொல்லியிருந்த நகராட்சி ஆட்கள் இரண்டு பேருக்கும் அன்று காலையில் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது. இன்னாசியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் உள்ளே நுழைந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, மே மாதம். கத்திரி வெயிலில் புதுக்கோட்டையே கண்ணை மூடிக் கிடந்தது. அவர்கள் நுழைந்தது பூங்காவனத் தெருவின் பின்சந்து. இடது பக்கம் பத்தொன்பது வீடுகளின் முதுகு. வலது பக்கம் ஒரு பழைய தோட்டத்தின் உயர்ந்த மதில். நடுவில் ஏழடி அகலம், தொள்ளாயிரம் அடி நீளம். சமஸ்தான காலத்தில் கக்கூஸ் அள்ளுகிறவர்கள் வந்துபோக விட்ட வழி. இந்த முனையில் பிள்ளைகள் இருக்கும் குடியிருப்பு. அந்த முனையில் இறங்கினால் இன்னாசியம்மாள் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளிக்கூடம். ஆத்மநாதன் தன் வரைபடத்தில் அந்தச் சந்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாதை. இரண்டு முனையிலும் கல் ஊன்றிவிட்டால் மாட்டுவண்டிகூட நுழைய முடியாது.

லாரி நுழையவே முடியாது.

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இப்போது பிள்ளைகள் போய்வருவது பெரிய ரோட்டில். ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வரும் லாரிகள், பனிக்கட்டி உருகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று பறக்கிற ரோடு. தை மாதம் ஒரு லாரி பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியை அடித்துப் போட்டது. மறுநாளிலிருந்து இன்னாசியம்மாளே முப்பது பிள்ளைகளையும் வரிசையாக அழைத்துக்கொண்டு நடந்தாள். பங்குனியில் ஒரு சாயங்காலம் அவளுடைய செருப்பு வார் கழன்றது. குனிந்து மாட்டுவதற்காக, பிடித்திருந்த ஒரு கையை விட்டாள். ஒரு நிமிஷம்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கை அங்கே இல்லை.

செங்கமலத்துக்கு ஒன்பது வயது.

அதற்குப் பிறகு பதினோரு வீடுகளில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். "பொண்ணு படிக்காட்டிப் போகுது டீச்சர், உசுரோட கெடக்கட்டும்" என்றார்கள். ஜூனில் மீதிப் பிள்ளைகளும் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நகராட்சியில் மனுக் கொடுத்து, வாசலிலேயே காத்துக் கிடந்து, கடைசியில் ஒரு வார்த்தை வாங்கியிருந்தாள். பத்தொன்பது வீட்டுக்காரர்களும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் பின்சந்தை நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள்.

அன்று திங்கட்கிழமை.

டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்க, ஆத்மநாதன் நூறு நூறு அடியாக அளந்துகொண்டு முன்னால் போனார். நடக்க நடக்கத்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். எல்லா வீட்டுக்கும் பின்வாசல் இருந்தது. ஒன்றில்கூடக் கதவு இல்லை. நிலையைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தைச் செங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். பூச்சுக்கூடப் பூசவில்லை, அவசரத்தில் கட்டிய கட்டு.

பாதித் தூரத்தில் சந்து ஒரு திருப்பம் திரும்பியது. ஆத்மநாதன் திருப்பத்துக்கு அங்கிட்டு மறைந்தார். அவள் பதினோராவது வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். நகராட்சிச் சங்கு பன்னிரண்டு மணிக்கு ஊதி ஓய்ந்தது. காலடியில் நிழல் இல்லை. காக்கைச் சத்தம்கூட இல்லை.

டொக். டொக். டொக்.

அவளுக்குப் பின்னால், வெகு தூரத்தில், முதல் வாசலில்.

யாரோ வீட்டுக்குள் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது வாசலில் கேட்டது. பிறகு மூன்றாவதில். விரல் முட்டியால் மரக்கதவைத் தட்டுகிற சத்தம். அங்கே மரமே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். வெயில்தான் நின்றது.

நான்காவது வாசல். ஐந்தாவது.

முதலில் ஆள் உயரத்தில் கேட்ட சத்தம் இப்போது இடுப்பளவில் கேட்டது. ஏழாவது வாசலில் முழங்காலளவில். தட்டுவதற்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. எட்டாவது வாசலில், மண்ணில் எதையோ இழுக்கும் சரசரப்பும் சேர்ந்துகொண்டது. புளித்த ஒரு வாடை வெயிலோடு கலந்து வந்தது.

ஒன்பது.

பத்து.

டேப்பை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். விரல்கள் பிரியவில்லை.

அவள் கணுக்காலுக்குப் பக்கத்தில், பதினோராவது வாசலின் அடிச் செங்கல்லில், ஒரே ஒரு தட்டு. அதற்குப் பிறகு, தரையிலிருந்து, வறண்ட ஒரு குரல்.

"ஆத்தா... ஒரு வாய்த் தண்ணி..."

எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. இரும்புக் கதவின் விளிம்பில் தோள் கிழிந்து, ரோட்டில் வந்து விழுந்தபோதுதான் மூச்சு வந்தது. சற்று நேரத்தில் ஆத்மநாதன் மறுமுனைக் கதவின் மேல் ஏறிக் குதித்துச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். டேப்பைச் சந்திலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஒங்களுக்கும் கேட்டுச்சா சார்?"

"நான் இந்த ஊர்க்காரன் டீச்சர்" என்றார் மெதுவாக. "அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. படத்தை நான் முடிச்சுத் தாரேன். கையெழுத்து மட்டும் உங்க பாடு."

செவ்வாயும் புதனும் அவள் படியேறி இறங்கினாள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், கையெழுத்துக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் பெரியவர் ஊரில் இல்லை என்றார்கள். பெரியவர் உள்ளே இருமிக்கொண்டிருந்தார். ஒருவர் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார்: "அந்தப் பக்கத்தைத் தொறக்கச் சொல்றது நடக்காதும்மா. நாங்களும் புள்ளகுட்டிக்காரங்க."

"ரோட்டுல சாகுறதும் புள்ளகதானேங்க!"

கதவு சாத்திக்கொண்டது.

பதினோராவது வீட்டுக்காரி அழகம்மாள்தான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஐம்பது வயதிருக்கும். கணவனும் மகனும் மலேயாவில்; வீட்டில் அவள் ஒருத்திதான்.

"நீங்க சந்துக்குள்ள ஓடுனதை மாடியிலேருந்து பாத்தேன் டீச்சரம்மா. தண்ணி கேட்டுச்சா?"

இன்னாசியம்மாள் தலையை ஆட்டினாள்.

"செவந்தின்னு பேரு. நம்ம தெருவுக்குக் கக்கூசு அள்ள வருவா. காலரா வந்த வருசம், பதினாறு வருசமாச்சு. தெருவுல நாலு சாவு விழுந்திருச்சு. சந்து வழியாத்தான் நோவு வருதுன்னு ரெண்டு முனையையும் பூட்டிப்புட்டாங்க. உள்ள ஆளு இருக்கான்னு பாக்கல." செங்கல் வைத்து அடைத்த பின்வாசல் பக்கம் திரும்பினாள். "பாத்துட்டுத்தான் பூட்டுனாகளோ என்னமோ. அவளுக்கு ஏற்கெனவே பேதி கண்டிருச்சு. ஒவ்வொரு கதவாத் தட்டிக்கிட்டே வந்தா. என் கதவுதான் கடைசி. நான் இங்கிட்டுச் செம்புத் தண்ணியோட நின்னேன். தாப்பாளைத் தொட்டுட்டேன் டீச்சரம்மா. தொட்டில்ல கைப்புள்ள கெடந்துச்சு..."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"தொறக்கல. மறுநா சத்தம் நின்னுபோச்சு. ஒரு மாசம் கழிச்சு, உச்சிப்பொழுதுல, மறுபடியும் தட்டுச்சு. ஒவ்வொரு வீடாக் கதவைப் பேத்துப்புட்டுக் கல்லு வச்சு அடைச்சோம். அடைச்சும் நிக்கல."

"நீங்களாவது கையெழுத்துப் போடுங்கக்கா."

"போட்டேன்னா பாக்கிப் பதினெட்டு வீடும் என்னைத் தெருவுல இருக்க விடாது" என்று சொல்லிவிட்டு அழகம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் இன்னாசியம்மாள் மாதா கோயிலுக்குப் போய் மண்டியிட்டாள். ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் பிள்ளையின் உள்ளங்கைச் சூடுதான் கையில் ஏறியது. பதினொன்றரை மணிக்கு எழுந்து, நேராகப் பூங்காவனத் தெருவின் பின்பக்கம் போனாள். கதவு அப்படியே திறந்து கிடந்தது.

முதல் வாசலின் முன்னால் நின்று, விரல் முட்டியால் செங்கல்லைத் தட்டினாள்.

"வீட்டுல யாரு? கதவைத் தொறங்க!"

உள்ளே அம்மி அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

இரண்டாவது வாசல். மூன்றாவது. தட்டத் தட்டத் தோல் உரிந்து, செங்கல்லில் ரத்தம் ஒட்டியது. உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். "தொறங்க! தொறங்க!" என்று கத்தினாள். தன் குரல் தனக்கே பைத்தியக்காரியின் குரலாகக் கேட்டது. நிறுத்த முடியவில்லை. நாளைக்கு அந்தக் காகிதம் போகாவிட்டால், ஜூனில் எந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ரோட்டில் நடப்பது?

ஐந்தாவது வாசலில் நிற்கும்போது சங்கு ஊதியது.

ஆறாவது வாசலில் செங்கல்லைத் தட்டினாள். மரச்சத்தம் கேட்டது.

அவள் கைக்குக் கீழே, இன்னொரு கை தட்டியது.

புளித்த வாடை. பக்கத்தில் யாரோ குனிந்து நிற்கும் வெக்கை. உடம்பெல்லாம் ஓடு ஓடு என்றது. ஓடினால் போய்ச் சேரும் இடம் அந்த ரோடுதான். அவள் ஓடவில்லை.

"தட்டு செவந்தி" என்றாள், பல் கிட்டிக்கொள்ள. "நீயும் தட்டு."

இரண்டு பேருமாகத் தட்டினார்கள். ஏழாவது வாசலில் மற்றக் கை முழங்காலளவுக்கு இறங்கியிருந்தது. எட்டாவதில் இன்னும் கீழே. தெருவே மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது சுவர்கள் வழியாகத் தெரிந்தது. பத்தாவது வாசலில் இன்னாசியம்மாளும் மண்டிபோட்டுவிட்டாள். அங்கிருந்து தவழ்ந்துதான் போனாள். அவளுக்குப் பக்கத்தில் சரசரவென்று மண் நகர்ந்தது.

பதினோராவது வாசல். அடிச் செங்கல்.

ஒரே ஒரு தட்டு. அதை அவள் தட்டவில்லை.

உள்ளே ஓர் அலறல். பிறகு தடால் என்று ஓர் இடி. மறுபடியும் இடி. அழகம்மாள் உலக்கையால் சுவரை உள்ளிருந்து இடித்துக்கொண்டிருந்தாள். கட்டு அதிர்ந்தது, காரை உதிர்ந்தது, தரையோரத்தில் இரண்டு செங்கல் சந்துக்குள் வந்து விழுந்தன. அந்தப் பொந்து வழியாக ஒரு வயதான கை வெளியே நீண்டது. அதில் ஒரு செம்பு.

"இந்தாடி... குடிடி தாயி... இந்தா..."

இன்னாசியம்மாளின் இரண்டு கையும் மண்ணில் ஊன்றியிருந்தன. அவள் செம்பைத் தொடவில்லை. செம்பு மெல்லச் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது.

ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவில்லை.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு ஆத்மநாதன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில், அவள் அவரிடம் விட்டுவிட்டு வந்திருந்த மனு இருந்தது. அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லையாம். வீட்டுக்காரர்களே தேடி வந்து போட்டுவிட்டுப் போனார்களாம். பத்தொன்பது கையெழுத்து. சிலது கோணல்மாணலாக இருந்தது. முதலில் இருந்தது அழகம்மாளின் பெயர்.

ஆடி மாதம் பாதை திறந்தது. புதர் வெட்டி, செம்மண் கொட்டி, இரண்டு முனையிலும் கல் ஊன்றினார்கள். நிறுத்தியிருந்த பதினோரு பிள்ளைகளில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. செங்கமலத்தின் தாய் ஒருநாள் பாதை முனையில் வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இன்னாசியம்மாளின் முகத்தைப் பார்க்காமலே போனாள்.

புரட்டாசியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். இன்னாசியம்மாள் பாதை வழியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். எதிரே சந்தனமேரி என்ற ஐந்தாம் வகுப்புப் பெண், அண்ணனுடைய சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு வந்தாள். திருப்பத்துக்குப் பக்கத்தில் இறங்கி நின்றாள். மணியை அடித்தாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏன்டி நிக்கிறே? வழி சும்மாத்தானே கெடக்கு?"

"அந்தக்கா கூட்டிக்கிட்டு இருக்காங்க டீச்சர். மணியடிச்சா எப்பவும் ஒதுங்கிக்கிருவாங்க." பிள்ளை வெறும் வெயிலை அண்ணாந்து பார்த்தது. "இன்னைக்கு ஒதுங்க மாட்டேங்குறாங்க. ஒங்களையே பாக்குறாங்க."

பாதையைக் கூட்ட நகராட்சி இன்னும் யாரையும் போடவில்லை. அது இன்னாசியம்மாளுக்குத் தெரியும்.

அவள் குனிந்து பார்த்தாள். செம்மண்ணில் விளக்குமாற்றுக் கீறல்கள், வரிசை வரிசையாக, திருப்பத்திலிருந்து அவளை நோக்கி வந்திருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வேப்பஞ்சருகு புரண்டு ஓரத்துக்குப் போனது. புதிதாக ஒரு கீறல் விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. அவள் செருப்பின் நுனி வரைக்கும் வந்து, நின்றது.

காத்திருந்தது.

இன்னாசியம்மாள் மெல்ல மதிலோடு ஒதுங்கி நின்றாள்.

அவள் நின்றிருந்த இடத்தில் அடுத்த கீறல் விழுந்தது.