திருப்பி அனுப்புவீங்களா?

மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே பூப்போட்ட பைஜாமா. நேர்முகத் தேர்வுக்கு மைனா இப்படித்தான் உட்கார்ந்தாள். கணினித் திரையில் இடுப்புக்குக் கீழே என்ன தெரியப்போகிறது?

மைனா என்பது பட்டப்பெயர். ஓயாமல் பேசுகிறாளே என்று அம்மா வைத்தது. அம்மா இறந்த பிறகு, யாராவது கேட்டால் மட்டும்தான் மைனா பேசுகிறாள். பாவம்.

அப்பாவுக்குக் கப்பலில் மின்சார வேலை. திரும்பிப் போய்த்தான் ஆகவேண்டும். ஐந்து வயதுத் தம்பி வாண்டுவைச் சித்தி பார்த்துக்கொள்வாள். ஆனால் சித்தி வீட்டில் ஏற்கெனவே நான்கு வாலுகள்! மைனாவுக்கும் அங்கே இடம் எங்கே?

அப்பாவின் கப்பல் அடிக்கடி போய் நிற்கும் வெளிநாட்டுத் துறைமுக ஊரில் ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. வகுப்புகள் தொடங்கிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஆறாம் வகுப்பில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. பிள்ளையிடம் பேசிப் பார்க்கிறோம் என்றார்கள்.

“ஏன் லேட்டுன்னு கேட்டா, பாஸ்போர்ட் வர நாளாச்சுன்னு சொல்லும்மா. வேற எதுவும் பேசாத. அழுதுடுவ,” என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்.

தமிழ் பேசும் தலைமையாசிரியை திரையில் வந்தார். கணக்குக் கேட்டார், மைனா சொன்னாள். பிடித்த விளையாட்டைக் கேட்டார், சொன்னாள். பிறகு, “எல்லாரும் எப்பவோ சேர்ந்துட்டாங்களே, நீ ஏன்மா இவ்வளவு லேட்?” என்றார்.

மைனா வாயைத் திறந்தாள். பாஸ்போர்ட் என்ற சொல் வரவே இல்லை.

“அம்மாவுக்குச் சரியாகட்டும்னு காத்துட்டிருந்தோம்,” என்று மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அப்பா பதறிப்போனார். “டேய்! அங்க என்னடா பண்ற? வா வெளிய!”

“இருக்கட்டும்பா, விடுங்க,” என்ற மைனா, தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “என் தம்பி, மேடம். அவன் சொன்னதுதான் நிஜம். அம்மா இப்ப இல்ல.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, உனக்கு ஏதாவது கேக்கணுமா?”

வாண்டு திரைக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனான்.

“எங்க அக்காவைத் திருப்பி அனுப்புவீங்களா? அம்மாவும் இப்படித்தான் பை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க திருப்பி அனுப்பவே இல்ல.”

“லீவுக்கு வந்துடுவாடா கண்ணு,” என்றார் அப்பா.

“அம்மாவும் வந்துடுவாங்கன்னுதானே சொன்னீங்க?”

அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலைமையாசிரியை தயங்கினார். “லீவுக்கு எல்லாரும் வீட்டுக்குப் போவாங்க. ஆனா லேட்டா சேர்ற பிள்ளைங்க முதல் லீவுல இங்கேயே தங்கி, விட்டுப்போன பாடத்தைப் படிக்கணும். அது எங்க வழக்கம்.”

வாண்டுவின் உதடு பிதுங்கியது. மைனா அவனைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினால் இடம் கிடைத்துவிடும். ஆனால் லீவு வரும், அக்கா வரமாட்டாள். பிறகு இந்தப் பிள்ளை யார் சொல்லைத்தான் நம்பும்?

“மேடம், முதல் லீவுக்கு நான் வந்தே ஆகணும். பாடத்தை ஞாயித்துக்கிழமைகள்ல உட்கார்ந்து படிச்சுடறேன். அது முடியாதுன்னா...” மைனா தம்பியை இறுக்கிக்கொண்டாள். “இந்த இடம் எனக்கு வேணாம்.”

“மைனா!” என்றார் அப்பா.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் கடற்கரைக்குப் போவாங்களே, உன்னால போகாம இருக்க முடியுமா?” என்றார் தலைமையாசிரியை.

“முடியாதுதான். ஆனாலும் படிப்பேன்.”

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “அப்படியே செய்வோம். இடம் உனக்குத்தான். தம்பி, முதல் லீவுக்கு உங்க அக்காவை நானே விமானம் ஏத்தி அனுப்பறேன். சரியா?”

வாண்டு அக்காவை ஒருமுறை பார்த்தான். திரையை ஒருமுறை பார்த்தான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“சரி, கூட்டிட்டுப் போங்க,” என்றான். “ஆனா முழுசா திருப்பி அனுப்பணும்.”