மூடிய குழாயில் ஒளி

மூடியைப் போட்ட பிறகும் ஒளிமானி பதினான்கு என்று காட்டியது.

எழிலன் மூடியை அழுத்திப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. விண்மீனை அளப்பதற்கு முன் தொலைநோக்கியை மூடி இருட்டையும் ஒருமுறை அளந்துகொள்வது வழக்கம். இருட்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும். பதினான்கு வந்ததில்லை.

மணி ஏழேகால். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமிக்கொண்டிருக்க, டீசலும் அழுகிய மீனும் கலந்த கடற்காற்று மொட்டைமாடிக்கு ஏறி வந்து, கைப்பிடிச் சுவரில் படிந்திருந்த நிலக்கரிச் சாம்பலைக் கிளப்பி அவன் உதட்டில் ஒட்டிவிட்டுப் போனது. அதற்கடியில் இன்னொரு வாடை. இனிப்பாக.

ரைஜல் என்ற விண்மீனை அவனும் அவன் மனைவி மகிழினியும் மூன்று குளிர்காலமாக அளந்து வந்தார்கள். சூரியனைவிட இரண்டு மடங்கு சூட்டில் எரியும் நீல விண்மீன். அதன் பிரகாசம் மெல்ல ஏறி இறங்குவதை நீலம், மஞ்சள், சிவப்பு ஃபில்டர்கள் வழியே எண்ணாக்குவது அவள் தொடங்கிய வேலை. அவள் செத்து நான்கு மாதம். இன்றைய மூன்று எண்கள் சேர்ந்தால் பட்டியல் முடியும். விண்மீன் ஆய்வு மையத்துக்கு அவள் பெயரில் அனுப்பிவிடலாம். அவள் கடைசியாகக் கேட்டது அதுதான்.

கீழ்வீட்டுக் கன்னியம்மா படியிலிருந்து கத்தினாள்.

"நைனா, மேல இன்னாத்த வெச்சுகினு கீற? வவுத்தப் பொரட்டுது!"

"ஒண்ணும் இல்லக்கா. மீன் நாத்தமா இருக்கும்."

"காசிமேட்ல பொறந்தவகிட்ட மீன் நாத்தம் சொல்றியா? இது ஆஸ்பத்திரி நாத்தம்பா." முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

மூடியைக் கழற்றி ரைஜலுக்குத் திருப்பினான். வெறுங்கண்ணுக்கு அது ஊசிமுனை நீலமாகத்தான் தெரிந்தது. ஒளிமானியில் நீலம் பூஜ்யம். மஞ்சள் கொஞ்சம். சிவப்பு நிறைய. செல்போன் விளக்கை உள்ளங்கையில் அழுத்தினால் விரல்கள் சிவக்குமே, அந்த நிறம். சதைக்குள் புகுந்து வரும் வெளிச்சம்.

குழாயின் அடியில்தான் வெளிச்சத்தைத் திரட்டும் கண்ணாடி. கையை உள்ளே விட்டுத் தொட்டான்.

சூடு. ஈரம்.

விரல்களை வெளியே எடுத்தபோது நுனியில் மஞ்சளாகச் சீழ். அதில் பூனைமயிர் இரண்டு.

போன வாரம் கண்ணாடியில் சாம்பல் படிந்திருந்தது. இந்தப் பக்கம் எதிலும் படியும்; துடைத்துத்தான் ஆகவேண்டும். வீட்டில் கிடந்த பஞ்சால் துடைத்தான். மகிழினியின் கட்டிலுக்கடியில் பிரித்துப் பாதியில் விட்ட பஞ்சு. படுத்தே கிடந்த அவள் முதுகுப் புண்ணுக்கு வாங்கியது. "ஒரு வாட்டி நீ தொட்ச்சு வுடு எழிலு, நர்ஸ் கை முரடா கீது," என்பாள். அவன் மாடிக்கு வந்து ரைஜலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருமுறைகூடத் துடைத்ததில்லை.

செல்போன் விளக்கை உள்ளே அடித்தான்.

கண்ணாடி முழுக்கத் தோல். நடுவில் உள்ளங்கையளவு புண். ஓரம் கறுத்து, உள்ளே சீழ் கோத்து, மெல்ல ஏறி இறங்கியது. மூச்சைப் போல.

போய்விடலாம். மூன்று எண்கள் பாக்கி.

சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றினான். துடைத்தான். வழுக்கியது. இழுத்தால் நூலாக வந்தது. விடாமல் துடைத்தான். சீழுக்கடியில் வெள்ளையாக ஏதோ. எலும்பு. அதன்மேல் ரைஜலின் நீலப் புள்ளி.

நீல ஃபில்டரை வைத்தான். எண் சரி. எழுதினான்.

மஞ்சள். சரி.

புண்ணின் வாய் மூடத் தொடங்கியது. சிவப்புக்கு நாற்பது விநாடி வேண்டும்.

குழாய்க்குள் கையை விட்டான். இரண்டு விரல்களை நுழைத்தான். விரித்துப் பிடித்தான்.

ஒளிமானி எண்ணத் தொடங்கியது.

இருட்டுக்குள் ஒரு முதுகு, இதமாக முனகி, அவன் கைக்கு வாகாகத் திரும்பிக் கொடுத்தது.