கட்டை மேல் விரல்

பாட்டு ஓடும்போது சும்மா இருந்த மெஷின், பாட்டு நின்ற இடங்களில் எல்லாம் பாடியது.

கிரேசி முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். விடிவதற்குள் எழுந்து, புருஷனைத் துடைத்துப் புரட்டிப் போட்டு, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சியை இறக்கி, செராமிக் எஸ்டேட்டில் அரை நாள் குனிந்து உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதிவிட்டு வந்தவளுக்குக் காது மட்டும் ஒழுங்காக இருக்குமா என்ன? மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் அப்படியேதான். கம்ப்யூட்டர் திரையில் சுரம் நகரும்போது அமைதி. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே, தொண்டை கட்டிய ஆள் முனகுவது போல ஒரு கனத்த ஓசை.

மெஷின் புருஷன் ஆசீர்வாதத்துடையது. குவைத்தில் ஓட்டல் பேண்டில் வாசித்த காலத்தில், அங்கே கழித்துக்கட்டிய பழைய அனலாக் சிந்தசைசரை, ஆர்மோனியம் போல கட்டை வைத்த அந்தக் கரண்டு வாத்தியத்தை, விருத்தாசலம் வரைக்கும் சுமந்து வந்தார். ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் வரும். மனுசன் தொண்டையும் அப்படித்தானே என்பார். ஏப்ரலில் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. அதற்குப் பிறகு யாரையும் பார்க்காமல், விட்டத்தையே பார்த்துக் கிடக்கிறார்.

பழகின சத்தம் எதையாவது கேட்க வையுங்கள் என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதைக் கிரேசி விடாமல் பிடித்துக்கொண்டாள். கோயில் திருவிழாவுக்காக அவர் வாசித்த பாட்டு ஒன்று கம்ப்யூட்டரில் மிடி ஃபைலாகக் கிடந்தது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார், எப்போது விட்டார் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் உண்டு, சத்தம் கிடையாது. பழைய மெஷினுக்கு அந்தப் பாஷை புரியாது; அதற்கு வோல்டேஜ்தான் தெரியும். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தர ஒரு கன்வெர்ட்டர் டப்பாவை வரவழைத்து, மெஷினைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டிருந்தாள். அவர் வாசித்த பாட்டு, அவருடைய மெஷினில். அதைக் கேட்டு ஒரே ஒரு தடவை தன் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாரா என்று ஏங்கினாள். மற்ற ஆசைகள் எல்லாம் அலுப்பில் எப்போதோ கரைந்துபோயிருந்தன.

தப்பு எங்கே என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. இந்த மாதிரிப் பழைய மெஷின்கள் சில, கட்டளையைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும். அழுத்து என்றால் அடங்கும், விடு என்றால் பாடும். டப்பாவின் முதுகில் அதற்கென்றே ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ளும் முன் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். கரண்டு ஓடும்போது கை வைக்காதே என்று ஆயிரம் தடவை சொன்னவர்தான் இப்போது கட்டிலில் கிடக்கிறார். அணைத்தால் மெஷின் மறுபடி சூடேறிச் சுருதியில் நிற்க இருபது நிமிடம் ஆகும். இருபது நிமிடத்துக்கு அவள் எங்கே போவாள்? ஓசை முனகிக்கொண்டிருக்கும்போதே நகத்தால் சுவிட்சைத் தள்ளினாள்.

ஸ்பீக்கரில் டப்பென்று ஒரு சத்தம். கட்டிலில் ஆசீர்வாதம் வாயைத் திறந்து, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவர் போல மூச்சை இழுத்தார்.

பாட்டு இப்போது சரியாக வந்தது. மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருக்க, சூளைகளின் சூட்டு வாடையும் டெட்டால் வாடையும் ஈரப் போர்வையின் புளித்த வாடையும் கலந்து நின்ற அந்த ஹாலில், அவர் எங்கே தயங்குவார், எங்கே அவசரப்படுவார் என்பது வரைக்கும் அச்சு அசலாக அவருடைய வாசிப்பே எழுந்து சுவரெல்லாம் அதிர்ந்தபோது, கிரேசிக்கு மாதக்கணக்கில் வராத அழுகை வந்தது.

"கேக்குதாங்க? நீங்க வாசிச்சதுதாங்க."

சுரம் எழும்போது அவர் மார்பு ஏறியது. சுரம் விடும்போது இறங்கியது. ரசிக்கிறார் என்று நினைத்துப் பூரித்துப்போனாள். இரண்டாம் சரணத்துக்கு முன்னால், பாடகர் குழு வாத்தியம் இல்லாமல் பாடுவதற்காக அவர் விட்டிருந்த நீண்ட இடைவெளி வந்தது. மெஷின் நின்றது.

மார்பும் நின்றது.

உதடு மெல்லக் கறுத்தது. கிரேசி எழுந்திருப்பதற்குள் சரணம் தொடங்கிவிட்டது, மார்பு ஏறியது. பிறகு பாட்டு முடிந்தது. மறுபடியும் நின்றது. பதறிப்போய்ப் பாட்டைத் திரும்ப ஓட்டினாள். மெஷின் பாடியது. இந்தத் தடவை மார்பு அசையவில்லை. கை போன இடத்தில், கண்ணுக்குப் பட்ட ஒரு கட்டையை அழுத்தினாள்.

மார்பு ஏறியது. விட்டாள். இறங்கியது.

சுவிட்சைப் பழையபடி தள்ளிப் பார்த்தாள். அழுத்தாமலே ஓசை எழுந்தது. மார்பு ஏறியது, ஏறிக்கொண்டே போனது, விலா எலும்புகள் தோலைத் தள்ளின. அலறி அடித்துச் சுவிட்சை மாற்றினாள். அவளுடைய விரல் தவிர வேறெதற்கும் அந்த மூச்சு கட்டுப்படவில்லை. ஆம்புலன்ஸுக்கு அடிக்கலாம்தான். வந்து தூக்கிக்கொண்டு போனால், படி இறங்கும் வரைக்கும் மூச்சுக்கு என்ன வழி?

ஏழு மணிக்கு நாத்தனார் ஜோஸ்பினிடமிருந்து போன் வந்தது. இடது கையால் எடுத்தாள்.

"அண்ணி, வேப்பூர்லதான் நிக்கிறேன். பஸ்ஸு ஒண்ணும் வரல. அண்ணன் எப்படி இருக்காரு?"

"மூச்சு வுட்டுக்கிட்டு இருக்காரு."

"அது இன்னா சத்தம்? யாரு வாசிக்கிறாங்க?"

"நான்தான்."

"உங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே அண்ணி."

"கத்துக்கிட்டேன் ஜோஸ்பினு. நீ சீக்கிரம் வா."

இருட்டியது. விளக்குப் போட எழுந்திருக்க முடியவில்லை. மெஷினின் சிவப்புப் பொட்டு வெளிச்சம் மட்டும். கொசு. மூத்திர வாடை. அழுத்து. விடு. ஆள்காட்டி விரல் மரத்தது. நடுவிரல். அழுத்து. விடு. மோதிர விரல். தோள்பட்டையில் தீ. தலை தொங்கியது, கண் ஒரு கணம் சொருகியது. திடுக்கிட்டு விழித்தபோது அவர் உதடு மறுபடி கறுத்திருந்தது. அழுத்து.

அவர் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"என்னால முடியலைங்க," என்றாள் கிரேசி. "மன்னிச்சிடுங்க."

கையை எடுத்தாள்.

அமைதி. மார்பு இறங்கியது, அப்படியே கிடந்தது. அவள் காத்திருந்தாள். மூக்கருகே புறங்கையை வைத்தாள். ஒன்றும் இல்லை. கழுத்தில் விரல் வைத்தாள். ஒன்றும் இல்லை. வெகுநேரம். நெற்றி குளிர்ந்தது. இமைகளை மூடிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். துக்கம் வரும் என்று பார்த்தாள். தூக்கம்தான் வந்தது. அது அவளுக்கு இனித்தது. இனித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. தரையிலேயே படுத்துவிடலாம். அதற்கு முன் மெஷினை அணைக்கக் கை நீட்டினாள்.

மணிக்கட்டைப் பிடித்தது.

அவருடைய வலது கை. சில்லென்று. இரும்பாக.

"ஏங்க..."

மூடிய இமை மூடியபடியே. மார்பு ஏறாமல், இறங்காமல். முகம் மட்டும் மெல்ல, எலும்பு நெரியும் சத்தத்தோடு, அவள் பக்கம் திரும்பியது.

கை அவளை இழுத்தது. அவசரமே இல்லை. மடக்கியிருந்த அவள் முஷ்டியிலிருந்து ஒரு விரலைப் பிரித்து எடுத்தது. கட்டையின் மேல் வைத்தது.

அழுத்தியது.